எழுந்து நின்றார், பேசவில்லை

இன்னும் கொஞ்சம் கிட்டே வாருங்கள், கண்ணுகளா. கதவோரம் உட்கார்ந்திருப்பவர்களும் உள்ளே வாருங்கள். எட்ட இருந்து காதை மட்டும் நீட்டினால் இந்தக் கதையில் பாதிதான் கிடைக்கும். முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டிய கதை. ஒரு பெண் சபையில் எழுந்து நின்று, மூச்சு வாங்கப் பேசி முடித்து உட்கார்ந்தாள். அங்கே இருந்த ஒரு ஆணுக்கும் ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. அது எப்படி என்கிறீர்களா? சொல்லத்தானே போகிறேன், பொறுங்கள்.

அவள் தறிக்காரி. நீளமான தகரக் கொட்டகை ஒன்றில் நாற்பத்தெட்டு விசைத்தறிகள். ஆளுக்கு நாலு தறி. ஊடை நூலை இழுத்துக்கொண்டு ஓடுகிற நாடா இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பாய்ந்து அடிக்கிற சத்தம் காதோடு நிற்காது. பல்லில் இறங்கும், நெஞ்சுக்கூட்டில் இறங்கும். ஜன்னல் திட்டில் வரிசையாக வைத்த தண்ணீர் பாட்டில்களுக்குள் தண்ணீர் வட்டம் வட்டமாக நடுங்கிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்துக்குள் கத்திப் பேசினால் தொண்டைதான் கிழியும். அதனால் அங்கே யாரும் குரலைச் செலவு செய்வதில்லை. உதட்டை நன்றாக விரித்து, ஒவ்வொரு சொல்லையும் காற்றில் வரைந்து காட்டுவது போல வாயை அசைப்பார்கள். கூடவே புருவம் பேசும், விரல் பேசும். நாலு தறி தள்ளி நிற்பவள் அதை அப்படியே படித்துவிடுவாள். மாமியார் சண்டை, மகனின் பரீட்சை, யாருக்கு நாள் தள்ளிப் போயிருக்கிறது, எல்லாம் அப்படித்தான் ஓடும். மேஸ்திரி நடுவில் கைகட்டி நடந்து போவார். அவர் முதுகுக்குப் பின்னால் அவருடைய புதுக் கால்சட்டையைப் பற்றிக் கொட்டகையே சிரிக்கும். அந்தச் சிரிப்பும் அவருக்குக் கேட்காது.

பதினாறு வருஷம் அவள் அங்கே வேலை பார்த்தாள். இழை அறுந்து தறி நின்றால், நீங்கள் கண் கொட்டுவதற்குள் அதை முடிச்சுப் போட்டுவிட்டு அடுத்த தறிக்குப் போயிருப்பாள். கை வேகம், வாய் வேகம், பஞ்சுத் தூசியில் எப்போதும் நரைத்த மாதிரி இருக்கும் தலை. அதே கொட்டகையில் தார் சுற்றுகிறவள் அவளுடைய நாத்தனார். தார் என்றால் நாடாவுக்குள் வைக்கிற நூல்கண்டு. கட்டினவனோடு ஒத்துப்போகவில்லை என்று, பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தவள். அண்ணிக்கும் அவளுக்கும் வீட்டில்கூட உதட்டுப் பேச்சுதான். சமையல்கட்டில் இரண்டு பேரும் சத்தமே இல்லாமல் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். நல்ல மனுஷன். குடி கிடையாது, கை நீட்டமாட்டார். பேசுவார். இருபது வருஷமாக "உள்ள போ, உள்ள போ, நடு பஸ்ஸு காலியா கெடக்கு" என்று கத்திக் கத்தி அந்தக் குரல் வீட்டுக்குள்ளும் கூடவே வந்துவிட்டது. பஸ்ஸை நிறுத்த அவரிடம் விசில் உண்டு. அவரை நிறுத்தத்தான் விசில் இல்லை.

அந்த வருஷம் நகர சபைத் தேர்தலில் ஒன்பதாம் வார்டைப் பெண்களுக்கென்று ஒதுக்கினார்கள். தறித்தெரு முழுக்க அந்த வார்டுதான். கண்டக்டர்தான் அவளை நிற்கச் சொன்னார். "நிக்கிறது நீ, பாத்துக்கிறது நான்" என்றார். தறிக்காரிகள் அத்தனை பேரும் அவளுக்கே போட்டார்கள். அவர் பார்த்துக்கொள்வார் என்று ஒருத்தியும் போடவில்லை. அவர்களுக்கு வேறு காரணம் இருந்தது.

தறித்தெருக் கோடியில் ஒரு பொதுக் கழிப்பறை. ஏழு அறை, இரண்டுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. கொட்டகைகளில் ஆண்களுக்கு ஒதுங்கச் சுவர் இருந்தது, பெண்களுக்கு ஒன்றும் இல்லை. எட்டுக் கொட்டகைப் பெண்களுக்கு அந்த ஏழு அறைதான் கதி. வரிசையில் நின்று திரும்புவதற்குள் இரண்டு தறி நின்றுவிடும், மேஸ்திரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். அதனால் அவர்கள் கண்டுபிடித்த வழி, தண்ணீரே குடிக்காமல் இருப்பது. ஜன்னல் திட்டில் வரிசையாகப் பாட்டில்கள் இருந்தன என்றேனே, காலை ஆறு மணிக்கு நிறைந்திருக்கும். மத்தியானம் இரண்டு மணிக்கு வீட்டுக்குப் போகும்போதும் நிறைந்தே இருக்கும். வைகாசி வெயிலானாலும் அப்படித்தான். அதற்கு முந்தின வருஷம் வயிற்றுப்பிள்ளைக்காரி ஒருத்தி தறி மேலேயே சாய்ந்துவிட்டாள். இன்னும் ஏழு அறை வேண்டும், தண்ணீர் வரவேண்டும், தாழ்ப்பாள் வேண்டும். இதைச் சொல்லத்தான் அவளைச் சபைக்கு அனுப்பினார்கள்.

முதல் கூட்டத்தன்று கொட்டகையிலிருந்து ஆறு பேர் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து, கம்பிக்குப் பின்னால் பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நாத்தனார் நடுவில். உயரமான மேடையில் தலைவர், அவர் கைக்கெட்டும் இடத்தில் ஒரு பித்தளை மணி. கீழே சின்ன மேஜையில் நடவடிக்கைக் குறிப்பு எழுதுகிற எழுத்தர். சுற்றிலும் வெள்ளைச் சட்டை.

"ஒன்பதாம் வார்டு" என்று கூப்பிட்டார்கள். அவள் எழுந்தாள். முன்னால் அத்தனை ஆண் முகம். ஒன்றுகூடத் தெரிந்த முகம் இல்லை. கண் தானாகப் போய்ப் பின் பெஞ்சில் தன் ஆட்கள் மேல் நின்றது. அவ்வளவுதான், உடம்பு லேசாகிவிட்டது. அவர்களைப் பார்த்தே பேச ஆரம்பித்தாள். ஏழு அறையைச் சொன்னாள், தாழ்ப்பாளைச் சொன்னாள், பாட்டிலைச் சொன்னாள், சாய்ந்து விழுந்தவளைச் சொன்னாள். பின்னால் ஆறு தலையும் ஆடின. ஒருத்தி கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டாள். நன்றாகப் பேசிவிட்டோம் என்ற நிறைவோடு அவள் உட்கார்ந்தாள்.

சபையில் ஒரு சிரிப்பு கிளம்பியது பாருங்கள்.

அவளுக்குப் புரியவில்லை. பக்கத்து வார்டுக்காரர் குனிந்து, "என்னம்மா, மூச்சுப் பயிற்சியா?" என்றபோதுதான் உறைத்தது. பதினாறு வருஷப் பழக்கம். தன் ஆட்களைப் பார்த்ததும் வாய் தறிப்பேச்சுக்குப் போய்விட்டது. ஒரு சொட்டுக் குரல் வெளியே வரவில்லை.

அடுத்த வாரம் குறிப்பின் நகல் வீட்டுக்கு வந்தது. "ஒன்பதாம் வார்டு உறுப்பினர் எழுந்து நின்றார். பேசவில்லை. அமர்ந்தார்." அவள் அந்தத் தாளை நாலாக மடித்துச் சமையல்கட்டு அலமாரியில், உப்பு ஜாடிக்கு அடியில் வைத்தாள். உப்பு எடுக்கும்போதெல்லாம் அது அங்கே இருந்தது.

இரண்டாவது கூட்டத்துக்குக் கண்டக்டர் கூடவே போனார். உறுப்பினர் அல்லாதவர் உள்ளே உட்காரக் கூடாதுதான். ஆனால் தலைவரே, "அவருக்கு ஒரு நாற்காலி போடுப்பா, வீட்டம்மாவுக்கு ஒத்தாசையா இருக்கட்டும்" என்றார். அன்றிலிருந்து ஒன்பதாம் வார்டு என்றால் கண்டக்டர் எழுந்தார். சாலையைப் பற்றிப் பேசினார், பஸ் நிறுத்தத்துக்கு நிழற்கூரை பற்றிப் பேசினார். கை தட்டினார்கள். தாழ்ப்பாள் அவர் வாயில் வரவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து புடவைத் தலைப்பின் இழையை எண்ணிக்கொண்டிருந்தாள்.

இப்படி இருக்கையில் ஒரு நாள், இரண்டு மணிக்கு வேலை விட்டுக் கொட்டகை வாசலில் நின்றாள். சாலைக்கு எதிர்ப்புறம் டீக்கடை. உள்ளே தலைவரும் கண்டக்டரும் எதிரெதிரே. நடுவில் லாரியும் பஸ்ஸும் போய்க்கொண்டிருந்தன. அவளுக்கு அது ஒரு பொருட்டா? தலைவரின் உதடு தெளிவாகத் தெரிந்தது. தறித்தெருக் கழிப்பறையை இடித்துவிட்டு அந்த இடத்தில் கடைகள் கட்டப் போகிறார்கள். அந்த வார்டு உறுப்பினர் சம்மதக் கையெழுத்துப் போட்டால் விவாதமே வேண்டாம். பிறகு அவர் ஏதோ கேட்டார். கண்டக்டர் டீயை உறிஞ்சிவிட்டுப் பதில் சொன்னார். அந்தப் பதிலையும் அவள் படித்தாள். அதை அவள் வாயாலேயே கேளுங்கள்.

மறுநாள் சாயங்காலம் கண்டக்டர் தட்டின் முன் உட்கார்ந்தார். சோறு, கீரை, சுட்ட கத்தரிக்காய். நாத்தனார் பரிமாறினாள்.

"நாளைக்குக் கூட்டம்" என்றார். "நீ ஒரு கையெழுத்துப் போடணும்."

"எதுக்கு?"

"ஒரு தீர்மானம். ஊர் வளர்ச்சிக்கு."

"தறித்தெரு கக்கூஸ இடிக்கிறதுதானே அந்த வளர்ச்சி?"

பிசைந்த கை நின்றது. "உனக்கு யாரு சொன்னது?"

"நீங்கதான்."

"நான் எப்படி சொன்னேன்!"

"நேத்து ரெண்டு மணிக்கு, டீக்கடையில. 'வீட்டம்மா முரண்டு பிடிக்குமா'ன்னு தலைவர் கேட்டாரு. 'அவ ஊமைங்க, நான் நீட்டுற எடத்துல போடுவா'ன்னு நீங்க சொன்னீங்க. சொல்லிட்டு மிச்ச டீயைக் குடிச்சீங்க."

நாத்தனார் கரண்டியைச் சட்டியிலேயே விட்டுவிட்டாள்.

"நீ ரோட்டுக்கு அந்தப் பக்கமில்ல இருந்திருப்ப? நடுவுல லாரி போயிட்டிருந்துச்சே!"

"லாரி போனா எனக்கென்ன? வாய் தெரிஞ்சுதே."

கண்டக்டர் குரலை ஏற்றினார். "பேச்சுக்குச் சொல்றதுதான். அதைப் போய் ஒரு குத்தமா எடுத்துக்குவியா? நீ எழுந்து நின்னு வாயை மட்டும் ஆட்டிட்டு வந்தியே, ஊரே சிரிச்சுது. என் ரூட்ல ஏறுன ஒருத்தன் பாக்கி இல்ல, 'மெம்பரம்மா சினிமா ஊமைப் படமாமே'ன்னு கேட்டான். கையில டிக்கெட்டை வெச்சுக்கிட்டு நான் எந்தப் பக்கம் மூஞ்சியத் திருப்புறது? உன்னைக் காப்பாத்தத்தான் நான் எழுந்தேன்."

அதில் பொய் இல்லை. அவளுக்கும் அது தெரியும். அதனால்தான் அவள் குரல் தாழ்ந்தது. "காப்பாத்துனீங்க. சரி. அப்புறம் பேச்ச எனக்குத் திருப்பிக் குடுத்திருக்கணும்ல? நீங்களே வெச்சுக்கிட்டீங்க."

"சரி, நீயே பேசேன். என்ன பேசுவ? அத்தனை ஆம்பளைங்க நடுவுல நின்னு கக்கூஸப் பத்தியா? வெக்கமா இல்ல?"

"நீங்க வண்டி நிக்கிற எடத்துலெல்லாம் எறங்கி, ஓரமா திரும்பி நிப்பீங்க. உங்களை யாராச்சும் வெக்கமான்னு கேட்டாங்களா?"

நாத்தனாருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அண்ணே, கேள்விக்கு டிக்கெட்டக் கிழி."

"நீ சும்மா இருடி! வாய நம்பி வாழ்க்கையத் தொலைச்சவ."

"வாய் இருந்ததாலதான் உசுரோட வந்து சேந்தேன். இல்லாட்டி அங்கயே கெடந்திருப்பேன்."

கண்டக்டர் தட்டில் கை கழுவிவிட்டு எழுந்து போனார். கத்தரிக்காய் அப்படியே இருந்தது.

விளக்கு வைத்த பிறகு சமையல்கட்டில் இரண்டு பெண்களும் குரலைப் பழக்கிப் பார்த்தார்கள். அவள் பாத்திர அடுக்கைச் சபையாக வைத்துக்கொண்டு நின்றாள். குரல் ஒன்று வரவே இல்லை, இல்லை என்றால் தட்டு அதிரும்படி வந்தது. நடுவாந்திரமாக ஒன்று அவளிடம் இல்லவே இல்லை.

"அண்ணி, இது சபைக்கா, பக்கத்து ஊருக்கா?"

"எனக்கு அளவு தெரியலடி. யாராச்சும் காது குடுத்துக் கேட்டாத்தானே எவ்வளவு போதும்னு தெரியும்?"

நாத்தனார் அதற்குச் சிரிக்கவில்லை.

மறுநாள் பின் பெஞ்சில் ஆறு பேர் இல்லை, இருபத்திரண்டு பேர். வேலை முடிந்து பஞ்சுத் தலையோடு அப்படியே வந்திருந்தார்கள். ஒவ்வொருத்தி மடியிலும் நிறைந்த தண்ணீர் பாட்டில். திட்டம் போட்டுக் கொண்டுவரவில்லை. தினமும் வீட்டுக்கு எடுத்துப் போகிற அதே பாட்டில்தான்.

கண்டக்டரும் வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தார். அவளைப் பார்க்கவில்லை. எழுத்தர் வாசித்தார்: "தறித்தெருவில் உள்ள பழைய கட்டடத்தை அப்புறப்படுத்தி வணிக வளாகம் அமைத்தல்." கழிப்பறை என்ற சொல் அந்தத் தாளில்கூட இல்லை. தலைவர் வழக்கம் போலக் கண்டக்டரைப் பார்த்துத் தலையசைத்தார். கண்டக்டர் வழக்கம் போல எழுந்தார்.

"ஒன்பதாம் வார்டு சார்பா..."

"உக்காருங்க!"

கூரை உத்தரத்தில் இருந்த புறாக்கள் எழும்பிப் பறந்தன. அது கொட்டகைக்கு வெளியே வந்துவிட்ட கொட்டகைக் குரல். இருபது வருஷம் பஸ்ஸில் நின்று பழகிய மனுஷன், திடீர் பிரேக் போட்ட மாதிரி நாற்காலியில் போய் விழுந்தார்.

அவள் எழுந்தாள். "நான் கையெழுத்துப் போடமாட்டேன்" என்றாள். "அது பழைய கட்டடம் இல்ல. கக்கூஸு. எட்டுக் கொட்டகைப் பொம்பளைங்களுக்கு அது ஒண்ணுதான் இருக்கு." குரல் ஏறிக் கீறி உடைந்தது. யாரோ அதைப் போலவே கீச்சென்று கத்திக் காட்டினார்கள். சிரிப்பு. ஒருவர் மேஜையைத் தட்டினார், பிறகு பத்துப் பேர் தட்டினார்கள். தலைவர் மணியைக் கையில் எடுத்தார். "உறுப்பினர் அமரவும்" என்று சொல்லிச் சொல்லி அடித்தார். நிறுத்தாமல் அடித்தார்.

இங்கேதான், கண்ணுகளா, அவர்களுக்கு ஒரு விஷயம் தெரியாமல் போயிற்று. சத்தத்தைப் போட்டால் பெண்பிள்ளை பயந்து உட்கார்ந்துவிடும் என்று நினைத்தார்கள். மணியும் மேஜைத் தட்டலும் சேர்ந்து மண்டபம் அதிர அதிர, அவளுடைய தோள் இறங்கியது, மூச்சு சீராயிற்று. அது அவளுக்குப் பழகிய இடம். இதைவிடப் பெரிய சத்தத்துக்குள் பதினாறு வருஷம் பேசினவள். குரலைக் கீழே வைத்தாள். பின் பெஞ்சைப் பார்த்தாள். உதட்டை விரித்து, நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகப் பேசினாள்.

நாத்தனார் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று அதை உரக்கச் சொன்னாள்: "ஏழு ரூமு. ரெண்டுக்குத் தாழ்ப்பாள் இல்ல."

அடுத்த வரியை இன்னும் இரண்டு பேர் சேர்ந்து சொன்னார்கள். "காலையில ஆறு மணிக்கு நெறச்ச தண்ணி, ரெண்டு மணிக்கும் அப்படியே இருக்கு."

அதற்கடுத்ததை இருபத்திரண்டு பேரும் சொன்னார்கள். "தாகத்தோட நெய்யிறோம். நீங்க போட்டிருக்கிற சட்டை அந்தத் துணிதான்."

தலைவர் மணியை விட்டுவிட்டுக் கத்தினார். "பார்வையாளர் பேசக் கூடாது!"

"நாங்க எங்க பேசுறோம்?" என்றாள் நாத்தனார். "மெம்பர் பேசுறாங்க. உங்க மணிச் சத்தத்துல உங்களுக்குக் கேக்கலையேன்னு எடுத்துச் சொல்றோம்."

மணி நின்றுவிட்டது. தட்டின கைகளும் ஒன்றிரண்டாக நின்றன. சத்தம் அடங்கின அந்த இடைவெளியில் அவள் குரல் வந்தது. கொட்டகைக் குரல் இல்லை, உடைந்த குரலும் இல்லை. சமையல்கட்டில் தேடித் தேடிக் கிடைக்காத அந்த நடுவாந்திரக் குரல். எழுத்தரைப் பார்த்துச் சொன்னாள்:

"ஐயா, மொத கூட்டத்துல என்னைப் பத்தி எழுந்து நின்றார், பேசவில்லைன்னு எழுதுனீங்க. நான் பேசுனேன். உங்களுக்குத்தான் கேக்கலை. ரெண்டும் வேற வேற. இன்னைக்குக் கேட்டுச்சுல்ல? எழுதுங்க."

எழுத்தர் தலைவரைப் பார்த்தார். தலைவர் மணியைப் பார்த்தார். எழுத்தர் பேனாவை ஒரு தடவை உதறினார். "அம்மா, மொதல்லேருந்து கொஞ்சம் மெதுவா சொல்லுங்க" என்றார். "என் கை அவ்வளவு வேகமா ஓடாது."

அவள் மெதுவாகச் சொன்னாள். ஏழு, இரண்டு, ஆறு மணி, இரண்டு மணி. தறி மேல் சாய்ந்தவளைச் சொல்லும்போது ஒரு நிமிஷம் நிறுத்தினாள். அவர் காத்திருந்தார். மண்டபத்தில் பேனா ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

தீர்மானத்தை ஒத்திவைத்தார்கள். தோற்கடிக்கவில்லை. நாலு மாதம் கழித்து மறுபடி கொண்டுவந்தார்கள், அவள் மறுபடி எழுந்தாள். அந்தக் கழிப்பறை அங்கேயேதான் இருக்கிறது. இரண்டு அறைக்குத் தாழ்ப்பாள் வந்துவிட்டது. இன்னும் ஏழு அறை வரவில்லை, தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது. அதற்கும் எழுந்துகொண்டுதான் இருக்கிறாள்.

ஆனால் வீட்டில் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு மூன்று நாள் கண்டக்டர் வாயே திறக்கவில்லை. வெளியில் சாப்பிட்டார். வீடு அவ்வளவு அமைதியாக இருந்து யாரும் பார்த்ததில்லை. அலமாரியில் உப்பு ஜாடிக்கு அடியில் இப்போது இரண்டு தாள் இருந்தது. இரண்டாவது, எழுத்தர் மறுநாளே கொடுத்தனுப்பிய இந்தக் கூட்டத்தின் குறிப்பு, ஒன்றரைப் பக்கம். ராத்திரி தண்ணீர் குடிக்கப் போனவர் அதை எடுத்துப் படித்ததை நாத்தனார் பார்த்தாள். பார்த்ததைச் சொல்லவில்லை.

நாலாம் நாள் இரண்டு மணி. அவள் கொட்டகை வாசலில் நின்றாள். எதிர்ப்புறம் அவருடைய பஸ் வந்து நின்றது. படிக்கட்டில் அவர். நடுவில் வண்டிகள். அவள் உதட்டை விரித்து ஏதோ சொன்னாள்.

அவருக்குப் பிடிபடவில்லை. பதினெட்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் பிடிபடவில்லை. தலையைச் சாய்த்தார், கண்ணைச் சுருக்கினார். இன்னொரு தடவை என்று விரலைக் காட்டினார். அவள் மறுபடி சொன்னாள், குழந்தைக்குச் சொல்வது போல. படியைவிட்டு இறங்கிச் சாலை ஓரத்துக்கே வந்து, அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். அப்படி அவர் அவளைப் பார்த்து நாளாயிற்று.

"யோவ், விசில் குடுய்யா! மணி ஆகுது!" டிரைவர் ஹாரன் அடித்தார். உள்ளே ஜனம் சத்தம் போட்டது.

கண்டக்டர் கையை உயர்த்தி அத்தனை பேரையும் நிறுத்தினார். அவள் மூன்றாம் தடவை சொன்னபோது பிடித்துவிட்டார். கோபம் போதும், வீட்டுக்குச் சாப்பிட வாங்க.

பதில் சொல்ல வாயைத் திறந்தார். அந்தப் பெரிய குரல் நெஞ்சு வரைக்கும் வந்துவிட்டது. அதை அப்படியே விழுங்கிக்கொண்டு, சத்தமே இல்லாமல், கோணல்மாணலாக உதட்டை அசைத்தார்: என்ன சமையல்?

அவர் முடிப்பதற்குள் அவள் படித்துவிட்டாள். கொட்டகை வாசலில் நின்ற இருபது பேரும் படித்துவிட்டார்கள். அந்தத் தெருவே சிரித்த சிரிப்பில் அவரும் சிரித்துக்கொண்டே போய் விசில் ஊதினார்.

அவ்வளவுதான் கண்ணுகளா, எழுந்திருங்கள், நேரமாயிற்று. உங்கள் வீட்டில் பேசுகிறவர் முகத்தைப் பார்த்துக் கேட்கிறவர் எந்நாளும் ஒருவராவது இருக்கட்டும். உங்கள் வீட்டுப் பெண் வாய் திறக்கிற இடத்தில் எந்த மணியும் நீண்ட நேரம் அடிக்காமல் போகட்டும். வேலைக்குப் போகிறவர்கள் கொண்டு போன தண்ணீரைக் குடித்துவிட்டு, காலிப் பாட்டிலோடு சிரித்த முகமாய் வீடு வந்து சேரட்டும்.